முசே ரிவாலோனின் உண்மையான கல்

பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், அந்தக் கரையின் பழைய மொழியான பிரெத்தோன் பேசத் தெரிந்தவர்கள் யாரும் அந்த மொழியைப் பற்றிப் பேசுவதில்லை. வலை இழுக்கும்போதும் வசவு விடும்போதும் அது பாட்டுக்கு வாயிலிருந்து வரும், போகும். காலையிலிருந்து மாலை வரை மொழியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது வேறு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் முசே ரிவாலோன்.

முசே என்றால் ஐயா; ரிவாலோன் என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். ஏதோ பழைய ராஜாவின் பெயராம். அப்பா அம்மா வைத்தது ரெழிஸ். பாரிஸில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்தவர். அம்மா வழியில் யாரோ ஒருத்தி இந்தக் கடற்கரையிலிருந்து ரயிலேறிப் போனவள் என்று ஏதோ ஒரு காகிதத்தில் கண்டுபிடித்து, அந்த ஒரு சொட்டு ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் போர்ஸ்-அவேலுக்கு வந்து சேர்ந்தார். வந்த மனிதர் சும்மா வரவில்லை. வீட்டு வாசலில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பிரெத்தோன் கொடி, காரின் பின்னால் ஒன்று, நாயின் கழுத்தில் ஒன்று. நாய்க்கும் பிரெத்தோனில்தான் உத்தரவு. அது பாரிஸ் நாய், பாவம். உட்காரச் சொன்னால் நின்றபடி முழிக்கும்.

செவ்வாய்க்கிழமை தோறும் பழைய பள்ளிக்கூடத்தில் மொழி வகுப்பு நடத்தினார். ப்ரெஸ்ட் நகரத்திலிருந்து பல் டாக்டர், வங்கிக்காரர், இரண்டு டீச்சர்கள் என்று ஒரு பட்டாளமே நோட்டுப் புத்தகத்தோடு கார் போட்டுக்கொண்டு வரும். வகுப்பு முடிந்ததும் துறைமுகத்தில் நின்று, படகுகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பழகும். படகிலிருந்து மீன்பெட்டி இறக்குகிறவனுக்கு ஒரு கை கொடுக்காது.

ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்தால் முசே ரிவாலோன் தொப்பியைக் கழற்றி பிரெத்தோனில் வணக்கம் சொல்வார். நான் பிரெஞ்சில் "பொன்ழூர்" என்பேன். வேறு எப்படிச் சொல்ல? அது நானும் என் புருஷன் கோல்வெனும் சண்டை போடுகிற பாஷை, படுக்கையில் பேசுகிற பாஷை. ரொட்டிக் கடையில் நின்று அதை ஒரு அந்நியனுக்கு எடுத்து நீட்ட எனக்கு வாய் வராது. எங்கள் ஊரில் யாருக்கும் வராது. அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"வெட்கப்படாதீங்க மதாம் நையிக். அது உங்க சொத்து. தலை நிமிர்ந்து பேசுங்க."

"என் தலை நல்லாத்தான் நிமிர்ந்திருக்கு, முசே. ரொட்டி வாங்கியாச்சுன்னா கொஞ்சம் நகருங்க."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். ஆனால் அவர் வாங்கிய வீடு சிரிக்கிற சமாச்சாரம் இல்லை.

துறைமுகத்துக்கு மேலே மேட்டில் நிற்கும் வீடு அது. லோயிஸ் என்ற கல்யாணமாகாத மனிதன் அங்கே தனியாக வாழ்ந்து செத்தான். அந்த வீட்டில் கடலைப் பார்த்த பக்கச் சுவர், உச்சியில் முக்கோணமாக முடிவது, ஒன்றுதான் வெள்ளை. மற்ற மூன்றும் கருங்கல். வருஷா வருஷம் ஜூலையில், தேவாலயத் திருவிழாவுக்கு முந்தின வாரம், அந்தச் சுவருக்கு மட்டும் லோயிஸ் சுண்ணாம்பு அடிப்பான். அவனுக்கு முன்னால் அவன் அப்பன் அடித்தான். அழகுக்காக அல்ல. வெளியிலிருந்து எங்கள் துறைமுகத்துக்குள் வர ஒரே ஒரு வாய்க்கால்தான் உண்டு, இரண்டு பக்கமும் பாறை. இடது பக்கம் நாங்கள் பன்றிகள் என்று சொல்கிற மூன்று பாறைகள். கடல் பாதி ஏறியிருக்கும்போது அவை முதுகுக்கு மேல் ஒரு முழம் தண்ணீரைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும், ஒன்றுமே தெரியாது. அந்த வெள்ளைச் சுவருக்கு நேர் மேலே தேவாலய மணிக்கூண்டு வந்து உட்கார்ந்தால் வழி சரி. கொஞ்சம் விலகினால் பன்றி.

இது எந்த வரைபடத்திலும் இல்லை. எழுதி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இங்கே பிறந்தவனுக்குத் தெரியும். பிறக்காதவனுக்கு அந்த வாய்க்காலில் என்ன வேலை?

இப்போது மிஞ்சியிருப்பது நான்கே படகு. மூன்றில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. என் அக்கா மகன் தூதல் அதை வாங்கிய அன்று ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான். "சித்தப்பா இன்னும் சுவத்தைப் பாத்துத்தான் ஓட்டுறாரா சித்தி? மியூசியத்துல வெக்கலாம் அவரை" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கோல்வென் ஏன் இன்னும் சுவரைப் பார்த்து ஓட்டுகிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

கோல்வெனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக. கண்ணின் நடுவில் ஒரு கறை, நாளுக்கு நாள் அகலமாகிறது, மருந்து கிடையாது என்று ப்ரெஸ்ட்டில் டாக்டர் சொல்லிவிட்டார். ஓரத்தால்தான் பார்க்கிறான். என் முகம் தெரியாது, காது தெரியும். ஜி.பி.எஸ். திரையை மூக்கில் ஒட்டவைத்தாலும் ஒரு எண் தெரியாது. ஆனால் பெரிதாக, வெளுப்பாக இருப்பது தெரியும். நண்டுக் கூண்டுகளின் மிதவைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் டப்பாக்களைக் கட்டியிருந்தான். வானத்தை முட்டி நிற்கிற மணிக்கூண்டு கறுப்பாகத் தெரியும், அதன் கீழே சுவர் வெள்ளையாகத் தெரியும். அது போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும் என்பான்.

வருஷத்துக்கு ஒரு முறை கடலோடிகளுக்கு உடல் பரிசோதனை உண்டு. தேறவில்லை என்றால் உரிமத்தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். போன மார்ச்சில் நானும் அவனோடு போய், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காத்திருந்த நேரத்தில் மனப்பாடம் செய்து, வராந்தாவில் வைத்தே அவனுக்குப் பத்து முறை ஒப்பித்தேன். ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டு வந்தான். "கழுகுப் பார்வை" என்றாராம் டாக்டர். அன்று இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு வயதில் கடலுக்குப் போனவன். அவனைக் கரையில் உட்காரவைத்தால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், அதனால் பொய்க்கு உடந்தையானேன்.

இந்த நிலைமையில்தான் முசே ரிவாலோன் ஊர் மன்றத்தில் எழுந்து நின்று, தன் வீட்டின் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து "உண்மையான பிரெத்தோன் கல்லை" வெளியே கொண்டுவரப் போவதாக அறிவித்தார். மேயர் கைதட்டினார். மேயருக்கு எதுவானாலும் கைதட்டத் தெரியும்.

கோல்வென் அன்று சாப்பிடவில்லை. "அந்தச் சுவரு போச்சுன்னா நான் போனேன்" என்றான்.

"போய் அந்த ஆள்கிட்டச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? என் புருஷன் குருடன், சுவத்தை விட்டுவைங்கன்னா? அந்த வாய்க்குப் போனா செவ்வாய்க்கிழமை வகுப்புல பாடமா நடத்திருவான். கெர்வெல்லா காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகுமா?"

கெர்வெல்லா துறைமுக அதிகாரி. உரிமத்தாள் எல்லாம் அவர் கையில். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் என்றால் சட்டம். பளபளவென்ற பிரெஞ்சு, கழுத்துப் பட்டி, ப்ரெஸ்ட்டிலிருந்து வருகிற வெள்ளைக் கார். எங்களோடு ஒரு வார்த்தை பிரெத்தோன் பேசியதில்லை. நகரத்து மனிதர் என்றுதான் நினைத்திருந்தோம்.

சொல்லாமலேயே சொல்லிப் பார்க்கலாம் என்று நான் மேட்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி ஒடில். ஒல்லியான பெண்மணி, சாரத்தின் தூசியில் சலித்துப்போன முகம். "உள்ள வாங்க" என்றாள், பிரெஞ்சில். கொடி, ராஜா, எதுவும் அவளிடம் கிடையாது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பின்னாலேயே முசே ரிவாலோன் வந்தார், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பிரெத்தோனில் வரவேற்புரை வாசித்தபடி.

"முசே, அந்தக் கடல் பக்கத்துச் சுவரை மட்டும் விட்டுருங்க" என்றேன் பிரெஞ்சில். "அது எப்பவும் வெள்ளையாத்தான் இருந்தது. வருஷா வருஷம் நானே வந்து சுண்ணாம்பு அடிச்சுத் தரேன். நீங்க ஒரு காசு தர வேணாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நோயாளியைப் பார்க்கிற பாதிரியார் தோற்றார்.

"மதாம் நையிக், அந்த வெள்ளை நம்முடையது அல்ல. தபால் அட்டைக்காகவும் சுற்றுலாக்காரனுக்காகவும் பூசினது. பிரெத்தோன்னா கருங்கல். காற்று, உப்பு, கருங்கல். உங்க முன்னோர்கள் அந்தக் கல்லைத்தான் நேசிச்சாங்க. உங்களையே உங்களுக்கு மறக்கடிச்சுட்டாங்க, அதான் இப்படிக் கேக்கறீங்க."

என் முன்னோர்கள் கல்லை நேசித்தார்களாம்! என் தாத்தாவின் இடுப்பை உடைத்தது கல். என் மாமனாரின் படகை விழுங்கியது கல். எங்களில் ஒருத்தன்கூடக் கல்லைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பதில் நாக்கு நுனி வரை வந்தது. "அது கப்பலுக்கு அடையாளம்" என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அடுத்த கேள்வி வரும், எல்லோரிடமும்தான் ஜி.பி.எஸ். இருக்கிறதே, யாருக்கு அடையாளம் என்று. 

"மேல் முக்கோணத்தையாவது கொஞ்ச நாள் விட்டுவைங்க" என்று மட்டும் கேட்டேன்.

"அது கடைசியாத்தான். கொத்தனாருக்கு அது முடிய விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை ஆகும். இன்னும் ரெண்டு வாரத்துல சனிக்கிழமை திறப்பு விழா. நீங்க வரணும். நம்ம வெண்ணெய்க் கேக்கை நீங்கதான் செய்யணும், அசல் கையால. அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட லேஸ் தலைப்பாகையும் போட்டுட்டு வந்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"எங்க அம்மா அதை அவுத்துப் போட்டது தலைவலி தாங்காம, முசே. கேக் கொண்டுவரேன்."

அந்த இரண்டு வாரமும் சுவர் கீழேயிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. கோல்வென் எஞ்சின் பழுது என்று சொல்லிக் கரையில் கிடந்தான். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து என் உயிரை எடுத்தான். சனிக்கிழமை விடியற்காலை மேட்டைப் பார்த்தான். உச்சியில் முக்கோணம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"அது போதும். திங்கட்கிழமை வரைக்கும் இருக்குல்ல? இன்னிக்கு ஒரு நாள் போய்ட்டு வந்துர்றேன். கூண்டெல்லாம் ரெண்டு வாரமா கடல்ல கிடக்குது."

"யோவ், வேணாம்யா."

"அஞ்சு மணிக்கு வந்துருவேன். கேக்ல எனக்கு ஒரு துண்டு எடுத்து வை."

போய்விட்டான்.

நாலரை மணிக்கு இரண்டு கேக் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். விழா களைகட்டியிருந்தது. வீட்டுக்கு முன்னால் புல்லில் நீள நீளமான மேசைகள், வெள்ளைத் துணி விரித்து, சிடர் என்கிற ஆப்பிள் மதுக் குடுவைகளும் தோசை மாதிரியான கிரேப் அடுக்குகளும் பரப்பியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைப் பட்டாளம் முழுதும் வந்திருந்தது. இரண்டு பேர் பின்யூ என்கிற தோல்பைக் குழலைக் கக்கத்தில் இடுக்கி, பன்றி அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் மரச் செருப்பு போட்டிருந்தார். நூறு வருஷமாக எங்கள் காலில் காய்ப்பு வைத்த செருப்பை அந்த மனிதர் ஆசைப்பட்டு வாங்கி மாட்டியிருக்கிறார்! மேயர் இருந்தார், தூதல் கையில் கோப்பையோடு இருந்தான், ஓரமாகக் கழுத்துப் பட்டியோடு கெர்வெல்லா இருந்தார்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

உச்சியில் வெள்ளை இல்லை.

கீழேயிருந்து மேல் வரை ஒரே கருங்கல். சாரத்தைப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" முசே ரிவாலோன் என் பக்கத்தில் நின்றார். "விழாவுக்கு அரைகுறையா நிக்கக் கூடாதுன்னு கொத்தனாரைப் பிடிச்சு இன்னிக்கு மத்தியானமே முடிக்க வெச்சுட்டேன். இதோ பாருங்க மதாம், நூறு வருஷத்துக்கு அப்புறம் மூச்சு விடுது கல்லு."

நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன். கோல்வெனின் படகு வெளிப் பாறையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தது. கடல் பாதி ஏறியிருந்தது. வழக்கமாக நூல் பிடித்தாற்போல வருவான். அன்று மூக்கை இடது பக்கம் திருப்பினான், வலது பக்கம் திருப்பினான், வேகத்தைக் குறைத்தான். தேடுகிறான். கீழே எங்கோ கரையில் மணல் வெளுப்பாக ஒரு திட்டு உண்டு. அதைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது, படகு அந்தப் பக்கம் திரும்பியது. நேராகப் பன்றிகள் மேல்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மேசைத் துணியின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சிடர் குடுவை, கிரேப், நான் விடியற்காலையில் எழுந்து செய்த கேக், எல்லாம் புல்லில் விழுந்து உருண்டன. யாரோ வீல் என்று கத்தினார்கள். பின்யூ பாதியில் நின்றது. துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஓடினேன். சுவர் உச்சியில் பரண் ஜன்னல் ஒன்று உண்டு.

வாசலில் முசே ரிவாலோன் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"மதாம்! என்ன இது? பைத்தியமா உங்களுக்கு?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. இரண்டு வருஷமாக அந்த மனிதருக்கு ஒரு வணக்கம்கூடக் கொடுக்காத பாஷையில், கூடை கூடையாக வந்து கொட்டியது.

"வழியை விடுடா, மடையா! என் புருஷனுக்குக் கண்ணு தெரியாது! ரெண்டு வருஷமா தெரியாது! அந்த வெள்ளையைப் பாத்துத்தான்டா உள்ள வருவான்! சுரண்டிட்டியே, பாவி, அவனைப் பன்னிக்குத் தூக்கிக் குடுத்துட்டியே!"

முசே ரிவாலோனின் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "பேசறாங்க!" என்றார் தன் பட்டாளத்தைப் பார்த்து. "கேட்டீங்களா? பேசறாங்க!" பட்டாளம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒருத்தி நோட்டுப் புத்தகத்தைத் தேடினாள். அத்தனை செவ்வாய்க்கிழமைகள் படித்த கூட்டம், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை புரிந்திருக்க வேண்டுமே!

அவரை நகர்த்தியது ஒடில்தான். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். புருஷனை முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, இன்னொரு மேசைத் துணியை அவளே உருவிக்கொண்டு என் பின்னால் மாடிப்படி ஏறினாள். பரணில் ஜன்னலைத் திறந்து, இரண்டு துணிகளையும் முடிச்சுப் போட்டு வெளியே தொங்கவிட்டோம். காற்று பிடித்து இழுத்தது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க நின்றோம்.

"பிடிங்க, விடாதீங்க" என்றாள் ஒடில்.

"விடமாட்டேன்."

படகு பன்றிகளுக்கு ஐம்பது அடியில் இருந்தது. நாற்பது. பிறகு நின்றது. பின்னோக்கி எஞ்சின் போடுகிற புகை தெரிந்தது. மூக்கு மெல்லத் திரும்பி, மெல்ல மெல்ல எங்கள் பக்கம் வந்து நேராயிற்று. நூல் பிடித்தாற்போல உள்ளே வந்தான்.

கீழே கைதட்டல் கேட்டது. படகுக்கு அல்ல, எனக்கு. துணி தொங்கவிட்டதை விழாவில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் இறங்கி வந்தபோது கெர்வெல்லா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தியிருந்தார். பிரெத்தோனில், எங்கள் வீட்டுப் பிரெத்தோனில், மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு வருஷமாவா, அக்கா?"

அவர் நகரத்து மனிதரே இல்லை. உள்நாட்டில் நான்கு ஊர் தள்ளி ஏதோ ஒரு பண்ணையில் மாடு மேய்த்து வளர்ந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேர் கூடியிருந்த அந்த மேட்டில் நான் கத்தியது ஒரு சொல் விடாமல் புரிந்தது ஊர்க்காரர்கள் நாலு பேருக்கும் அவருக்கும்தான். ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"இல்லை" என்றேன். "கோவத்துல என்னமோ உளறிட்டேன்."

"அக்கா, நான் கேக்காத மாதிரி இருந்துட்டு, நாளைக்கு அவர் பாறையில போய் விழுந்தா, நான் மனுஷனா?"

அவர் கீழே துறைமுகத்துக்கு இறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கோல்வென் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தான். கெர்வெல்லா மூன்றடி தள்ளி நின்று, ஒன்றும் பேசாமல், ஒரு கையை மட்டும் நீட்டினார், குலுக்குவதற்கு. கோல்வென் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, யார் என்று காதால் கேட்டுக்கொண்டு நின்றான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"திங்கட்கிழமை உரிமத்தாளை எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வாங்கண்ணே" என்றார் கெர்வெல்லா. நீட்டிய கையை அப்போதுதான் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அவர் போன பிறகு கோல்வென் மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"வெள்ளைத் துணியைப் பாத்ததும் தெரிஞ்சுது, நீதான்னு" என்றான். "துணியோட நிறுத்தியிருக்கக் கூடாதா? வாயை எதுக்குத் திறந்தே?"

"அவன் வாசல்ல நின்னான்யா. நகரமாட்டேன்னு நின்னான்."

"தள்ளிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? பாறையில மோதியிருந்தா படகு போயிருக்கும். நீந்தத் தெரியாதா எனக்கு? இப்ப கடலே போச்சு."

"நீ செத்திருந்தா?"

அவன் தோளைப் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். அவன் சொன்னதுதான் சரி. ஒடில் தள்ளினாள், முசே ரிவாலோன் நகர்ந்தார், அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் கத்திய ஒரு சொல்லும் எதற்கும் உதவவில்லை. அந்தச் சொற்களால் நடந்தது ஒன்றே ஒன்று, என் புருஷனின் உரிமத்தாள் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. முசே ரிவாலோன். தோளில் ஒலிப்பதிவுக் கருவி, கையில் நோட்டு. கொட்டிப்போன கேக்குக்காகக் கோபமாக வந்திருப்பார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. மனிதர் ஜொலித்தார்.

"மதாம் நையிக், நான் தூங்கவே இல்லை. கடல்ல இருந்து திரும்பற படகுக்கு வீட்டு உச்சியில வெள்ளைத் துணி கட்டி, வாசல்ல நின்னு வாழ்த்துச் சொல்லறது! இப்படி ஒரு சடங்கு இருக்குன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை. என்னை மதிச்சு என் வீட்டு வாசல்ல செஞ்சீங்க பாருங்க. வர்ற வருஷத்துல இருந்து விழாவுல இதைச் சேர்க்கப் போறோம், எல்லா வீட்டுலயும் துணி. அந்த வாழ்த்தை மட்டும் ஒரு தடவை இதுல சொல்லிருங்க."

கருவியை மேசையில் வைத்து பொத்தானை அழுத்தினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கோல்வென் மேசையின் மறு முனையில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"சொல்லேன்" என்றான் பிரெத்தோனில். "ஊருக்கே சொல்லியாச்சு, இந்த மெஷினுக்கு மட்டும் என்ன மறைப்பு?"

சொன்னேன். என் புருஷனுக்குக் கண் தெரியாது, அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் உள்ளே வருவான், நீ சுரண்டிவிட்டாய் என்று, ஒரு சொல் விடாமல், கத்தாமல், நிதானமாகச் சொன்னேன். முசே ரிவாலோன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் முடித்ததும் பொத்தானை அணைத்தார்.

"என்ன ஒரு ஓசை!" என்றார். "புல்லரிக்குது."

"என்ன சொன்னேன்னு புரிஞ்சுதா, முசே?"

"வேகமாப் பேசினீங்க இல்லையா, சில இடம் பிடிபடலை. பரவாயில்லை, வகுப்புல எல்லாருமா சேர்ந்து உட்கார்ந்து அர்த்தம் கண்டுபிடிச்சிருவோம்."

"அர்த்தம் உங்க எதிர்லயே உட்கார்ந்திருக்கு. நல்லாப் பாருங்க" என்று கோல்வெனைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நேராக நின்று, பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி, பிரெத்தோனில் கேட்டார்: "நலமா இருக்கிறீர்களா, ஐயா? இன்று கடலுக்குப் போகவில்லையா?"

கோல்வென் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றான்.